கையில் பட்டது என்று சொன்ன பையன்

அன்புள்ள ஐயா,

என் மகனுக்குப் பத்து வயது. பதினொரு வயதுக்குட்பட்டோர் கால்பந்து அணியில் ஆடுகிறான். போன வாரம் ஆட்டம் முடியச் சில நிமிடங்கள் இருக்கும்போது, ஸ்கோர் சமமாக இருந்த நிலையில், அவன் ஒரு கோல் போட்டான். நடுவரும் கொடுத்துவிட்டார். எல்லாரும் அவனைக் கட்டிப்பிடித்துக் கத்துகிறார்கள். அவனோ நேராக நடுவரிடம் போய், "பந்து என் கையில பட்டுச்சு" என்று சொல்லிவிட்டான். கோல் ரத்து. கொஞ்ச நேரத்திலேயே எதிரணி கோல் போட்டு ஜெயித்துவிட்டது.

கோச் எல்லாப் பிள்ளைகள் முன்னாலும், "உன்கிட்ட யாராவது கேட்டாங்களா?" என்று திட்டினார். பெற்றோர் சிலர் நடுவரைச் சூழ்ந்துகொண்டு கத்தினார்கள். அந்த நடுவருக்கே பதினாறு, பதினேழு வயதுதான் இருக்கும். என் கணவர் கத்தவில்லை. ஆனால் வீடு வந்து சேரும்வரை மகனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

ராத்திரி படுக்கும்போது, "அம்மா, நான் செஞ்சது தப்பா?" என்று கேட்டான். இல்லை என்றேன். "அப்போ ஏன் எல்லாரும் கோபமா இருக்காங்க?" என்றான். பதில் சொல்லத் தெரியவில்லை. அணியிலிருந்து நிறுத்திவிடலாமா என்றுகூட யோசிக்கிறேன்.

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் மகனுக்கு. தம்பி, நீ செய்தது சரி. கோபப்பட்ட பெரியவர்கள் செய்ததுதான் தப்பு.

இதை அப்படியே அவனுக்கு வாசித்துக் காட்டுங்கள். அவனுடைய இரண்டாவது கேள்விக்கு "நீ தப்பு செய்யவில்லை" என்பது மட்டும் பதிலாகாது. பெரியவர்கள் தவறாக நடந்துகொண்டார்கள் என்பதை ஒரு பெரியவர் வாயாலேயே அவன் கேட்க வேண்டும். நாம் மழுப்பினால் அவனே ஒரு பதிலைக் கண்டுபிடித்துக்கொள்வான்: அடுத்த முறை வாயைத் திறக்கக் கூடாது.

அணிக்குக் கிடைத்த வெற்றியை அவன் தூக்கிக் கொடுத்துவிட்டான் என்று யாராவது சொன்னால் அதையும் நம்ப வேண்டாம். தெரியாமல் பட்டாலும்கூட, கையில் பட்ட பந்தை அதே ஆட்டக்காரர் உடனே கோலாக்கினால் அது செல்லாது என்பதுதான் கால்பந்து விதி. இல்லாத கோலை அவன் இல்லை என்றான், அவ்வளவுதான். 2012 செப்டம்பரில் இத்தாலிய லீக்கில் லாசியோ அணிக்கு ஆடிய ஜெர்மன் வீரர் மிரோஸ்லாவ் குளோசே இதையேதான் செய்தார். நாப்போலிக்கு எதிராக ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களில் கோல் போட்டுவிட்டு, கையில் பட்டது என்று நடுவரிடம் தானே ஒப்புக்கொண்டார். கோல் ரத்தானது, லாசியோ 3-0 என்று தோற்றது. எதிரணி ஆட்டக்காரர்கள் வந்து அவருக்குக் கைகொடுத்தார்கள். இரண்டு வருடம் கழித்து உலகக் கோப்பையை வென்ற ஜெர்மன் அணியில் அதே குளோசே இருந்தார். உண்மை பேசுகிறவன் இந்த ஆட்டத்தில் தேற மாட்டான் என்று உங்கள் கோச் நினைத்தால் இதை அவரிடம் சொல்லுங்கள்.

ஏன் எல்லாரும் கோபப்பட்டார்கள் என்பதற்கு வருகிறேன். பெரியவர்கள் யாரும் பக்கத்தில் இல்லாதபோது பிள்ளைகள் எப்படி விளையாடுகிறார்கள் என்று கவனித்திருப்பீர்கள். நன்றாக ஆடுகிற இரண்டு பேரை ஒரே பக்கம் போட விடமாட்டார்கள். ஒரு பக்கம் ஐந்து கோல் வாங்கிவிட்டால் ஆட்டத்தை நிறுத்தி ஆளை மாற்றிக்கொள்வார்கள். ரொம்பச் சின்னவன் வந்தால் ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வார்கள். அவன் கால் பக்கம் வந்த பந்தை யாரும் வேகமாகப் பறிக்க மாட்டார்கள். கோலா இல்லையா என்று தொண்டை வறளச் சண்டை போடுவார்கள், கடைசியில் "சரி, திரும்ப ஆடு" என்பார்கள். போங்காட்டம் ஆடுகிறவனை மறுநாள் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்.

இதெல்லாம் நல்ல மனசினால் மட்டும் நடப்பதல்ல. எதிர்ப்பக்கத்துக்காரன் கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டால் அன்றைக்கு ஆட்டமே கிடையாது. அதனால் எதிராளியையும் சேர்த்துத் திருப்தியாக வைத்துக்கொண்டே ஜெயிக்க வேண்டியிருக்கிறது. நியாயம் அங்கே ஆளுக்குக் கொஞ்சம் எல்லார் தலையிலும் இருக்கிறது.

இதற்கு நடுவில் சீருடை, புள்ளிப் பட்டியல், கோப்பை, கோச், கோட்டுக்கு வெளியே பெற்றோர் என்று நாம் போய் நிற்கிறோம். இப்போது எதிரணி எவ்வளவு மனம் நொந்தாலும் அட்டவணைப்படி அடுத்த ஆட்டம் நடந்தே தீரும். ஆகவே நியாயம் பார்ப்பது நடுவர் ஒருவருடைய வேலையாகிவிடுகிறது. அவர் கண்ணில் படாதது எல்லாம் நமக்கு லாபம். உங்கள் கோச் கேட்ட "உன்கிட்ட யாராவது கேட்டாங்களா?" இந்தக் கணக்கிலிருந்து வந்த கேள்விதான். உங்கள் மகன் இன்னும் பழைய கணக்கிலேயே இருக்கிறான். கோபம் வந்ததற்குக் காரணம் அது.

அமைப்பாக நடத்தும் விளையாட்டே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. முறையான பயிற்சியும் பாதுகாப்பும் அதில்தான் கிடைக்கின்றன, சும்மா விளையாடும் கூட்டத்தில் யாரும் சேர்த்துக்கொள்ளாத பிள்ளைக்கும் அங்கே இடம் உண்டு. நடத்தும் விதத்தைத்தான் மாற்ற வேண்டும். நார்வேயில் பதினொரு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளின் போட்டிகளுக்குப் புள்ளிப் பட்டியல் வைக்க விளையாட்டுக் கூட்டமைப்பே அனுமதிப்பதில்லை. பிள்ளைகள் தோற்கப் பழக வேண்டாமா என்று சிலர் கேட்பார்கள். எத்தனை கோல், யார் போட்டது என்பதை எந்தப் பிள்ளையும் பட்டியல் பார்த்துத் தெரிந்துகொள்வதில்லை. அவர்களுக்கு அது மனப்பாடம். பட்டியல் நமக்காகத்தான் இருக்கிறது.

கோச்சிடம் பேசுங்கள், ஆனால் ஆட்ட நாளில் வேண்டாம். பயிற்சி நாளில், தனியாகப் பேசுங்கள். அவனை எல்லார் முன்னாலும் திட்டினீர்கள், அதனால் எல்லார் முன்னாலும்தான் அதைச் சரிசெய்ய வேண்டும் என்று மட்டும் கேளுங்கள். மற்றப் பிள்ளைகளும் அந்தத் திட்டைக் கேட்டார்கள் இல்லையா? அமெரிக்காவில் சிறுவர் பேஸ்பால் கோச்சுகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 1992இல் வெளியானது. பிள்ளைகளை ஊக்கப்படுத்தவும் திட்டாமல் திருத்தவும் ஒரு பகுதி கோச்சுகளுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அவர்களிடம் ஆடிய பிள்ளைகளில் அடுத்த பருவத்துக்கு வராமல் நின்றவர்கள் 5 சதவீதம். பயிற்சி பெறாத கோச்சுகளிடம் அது 26 சதவீதம். வெற்றி தோல்வியில் இரண்டு தரப்புக்கும் வித்தியாசமில்லை. திட்டித் திட்டி ஆட வைப்பதால் கோப்பையும் வருவதில்லை.

அந்த நடுவர் பையனை நினைத்தால் எனக்கு இன்னும் வேதனையாக இருக்கிறது. அவன் சரியான முடிவைத்தான் கொடுத்தான். இங்கிலாந்தில் சில வட்டாரங்களில் பதினெட்டு வயது நிரம்பாத நடுவர்கள் ஊதா நிறக் கைப்பட்டை கட்டிக்கொண்டு இறங்குகிறார்கள். இவனும் ஒரு பிள்ளைதான் என்பதைப் பெரியவர்களுக்கு ஒரு பட்டை கட்டி ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது! கத்துவதுதானே என்று விட்டுவிடவும் முடியாது. 2012 டிசம்பரில் நெதர்லாந்தில் ஒரு சிறுவர் அணிகளின் ஆட்டத்தில் கோட்டு நடுவராக நின்ற தன்னார்வலரை அடித்தே கொன்றுவிட்டார்கள். தண்டனை பெற்றவர்களில் ஆட்டக்காரப் பையன்களோடு ஒரு பையனின் அப்பாவும் இருந்தார். அடுத்த ஆட்டத்தில் அந்த நடுவரைப் பார்த்தால் நீங்களும் உங்கள் மகனும் போய் ஒரு நன்றி சொல்லுங்கள். பக்கத்தில் யாராவது கத்த ஆரம்பித்தால், "அவனும் சின்னப் பையன்தாங்க" என்று சொல்லுங்கள். பலர் அதற்கே அடங்கிவிடுவார்கள்.

உங்கள் கணவரைப் பற்றி. மற்ற பெற்றோர் முன்னால் அவருக்குக் கூச்சமாகப் போயிருக்கலாம். என்ன பேசுவதென்று தெரியாமலும் இருந்திருக்கலாம். ஆனால் பத்து வயதுப் பையனுக்கு அப்பாவின் மௌனம் கோச்சின் திட்டைவிடக் கனமானது. நீங்கள் அவருக்காகச் சமாதானம் சொல்ல வேண்டாம், அவரையே பேசச் சொல்லுங்கள். "அன்னைக்கு நான் பேசாம வந்தது சரியில்லைடா" என்றால் போதும். இனிமேல் ஆட்டம் முடிந்து திரும்பும்போது ஆட்டத்தைப் பற்றிய பேச்சை அவனே எடுக்கட்டும். அவன் எடுக்காவிட்டால் வேறு எதையாவது பேசிக்கொண்டு வாருங்கள்.

அப்புறம், நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் அவன் அப்படிக் கேட்டதாக இல்லை. முதலில் அவனிடம் கேளுங்கள். அவனுக்கு ஆட ஆசை இருந்து, கோச்சும் மாறவில்லை என்றால் வேறு அணி பாருங்கள். சேர்ப்பதற்கு முன்னால் அந்த அணியின் ஓர் ஆட்டத்தை முழுவதுமாகப் போய்ப் பாருங்கள். சுமாராக ஆடுகிற பிள்ளைக்கு எவ்வளவு நேரம் கிடைக்கிறது, அணி தோற்றுக்கொண்டிருக்கும்போது கோச் என்ன பேசுகிறார், இந்த இரண்டையும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.