பாஸ்வேர்டு சரி, தட்டியது அவர்தானா?

கே: தட்டும் தாளத்தை வைத்து ஆளை அடையாளம் காண்கிறார்கள். பாஸ்வேர்டு தட்டும்போது உண்மையில் எதை அளக்கிறார்கள்?

ப: இரண்டு நேரங்களை. ஒரு விசையை அழுத்தி விடுவதற்கு ஆகும் நேரம். இது 100 மில்லி வினாடிக்கு முன்பின் இருக்கும். அடுத்து, அந்த விசையை விட்டபின் மறு விசையைத் தொடும் வரையிலான இடைவெளி. வேகமாகத் தட்டுபவர்களுக்கு முதல் விரல் எழும் முன்பே அடுத்த விரல் இறங்கிவிடும், இடைவெளி மைனஸில் வரும். அதைப் பிழை என்று வடிகட்டிவிடாதீர்கள். ஆளைக் காட்டிக்கொடுப்பதே பெரும்பாலும் அதுதான்.

கே: இதை மட்டும் நம்பி உள்ளே விடலாமா?

ப: கூடாது. கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் 2009-ல் வெளியான ஆய்வில் 51 பேர் ஒரே பத்து எழுத்துப் பாஸ்வேர்டைத் தலா 400 முறை தட்டினார்கள். சோதித்த முறைகளில் சிறந்ததற்கே பிழை 9.6 சதவீதம். பத்தில் ஒரு போலி உள்ளே வருவார், பத்தில் ஒரு உண்மையானவர் வெளியே நிற்பார். மாறுபாடு தெரிந்தால் ஓடிபி கேளுங்கள், கணக்கை முடக்காதீர்கள்.

கே: கர்சரை வேண்டுமென்றே திருப்பிச் சோதிப்பார்களாமே?

ப: ஆமாம், எனக்கு மிகவும் பிடித்த உத்தி. பட்டனை நோக்கிப் போகும் கர்சரின் திசையை நடுவழியில் சில டிகிரி திருப்புகிறோம். பயனர் கவனிக்கும் முன்பே கை திருத்திக்கொள்கிறது. கண் கண்டு கை திருந்த ஏறக்குறைய 100 முதல் 200 மில்லி வினாடி பிடிக்கும். எப்போது திருத்தம் தொடங்கியது, எவ்வளவு தாண்டிப் போய்த் திரும்பியது, பாதை எப்படி வளைந்தது என்று பதிகிறோம். ஒவ்வொரு முறையும் கோணத்தை மாற்றுவதால் நேற்று திருடிய பதிவை இன்று ஓட்டினால் பொருந்தாது. ஆளுக்குப் பதில் தானாக ஓடும் நிரல் (ஸ்கிரிப்ட்) என்றால் திருத்தமே இருக்காது, அல்லது தாமதமின்றி நடக்கும்.

இணையப் பக்கத்திலிருந்து உண்மையான கர்சரை நகர்த்த முடியாது. அதை மறைத்து, நாமே ஒரு கர்சரை வரைந்து அதைத்தான் திருப்ப வேண்டும். கோணம் கூடினால் மவுஸ் கெட்டுவிட்டது என்று நினைப்பார்கள். பணம் அனுப்பும் பட்டனுக்கு அருகே இதைச் செய்யவே வேண்டாம். தவறான இடத்தில் கிளிக் விழும். ரிமோட் இணைப்பில் வருபவருக்கு நெட்வொர்க் தாமதமும் சேர்ந்துகொள்ளும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கே: தட்டும் நேரத்தை அளக்கும் அதே நிரல் ஆண்ட்ராய்டு போனில் வேலை செய்யவில்லை. ஏன்?

ப: திரைக் கீபோர்டில் தட்டும்போது குரோம் பெரும்பாலும் எல்லா விசைக்கும் 229 என்ற ஒரே எண்ணைத் தருகிறது, அழுத்திய நேரமும் நம்பத்தக்கதல்ல. போனுக்குத் தொடும் இடம், தொடும் பரப்பு, போன் சாயும் கோணம் ஆகியவற்றை எடுங்கள்.

கே: அலுவலகத்தில் கீபோர்டை மாற்றியதும் பாதிப் பேரை மறுக்கிறது.

ப: சாதனம் மாறினால் தாளமும் மாறும். விசை அழுத்தப்பட்டதா என்று கணினி நொடிக்கு 125 முறை கேட்கும் யூஎஸ்பி கீபோர்டில் நேரங்கள் 8 மில்லி வினாடிப் படிகளாகவே வரும். ஒப்பிட வைத்திருக்கும் தாள மாதிரி ஆளுக்கு ஒன்று போதாது, ஆளுக்கும் சாதனத்துக்கும் சேர்த்து வையுங்கள். புதுப் பாஸ்வேர்டின் முதல் நாள் பதிவுகளுக்கு மதிப்பைக் குறையுங்கள். பழகப் பழக வேகம் கூடும். பேக்ஸ்பேஸ் விழுந்த முயற்சியைச் சேர்க்க வேண்டாம். மாதிரியைப் புதுப்பிப்பது ஓடிபி தேறிய பிறகு மட்டும். இல்லையென்றால் போலி ஆசாமி தன் தாளத்தையே மெல்ல மெல்லக் கணினிக்குப் பழக்கிவிடுவார்.