சஹாரா பாலைவனத் தூசி கேஎல் (கோலாலம்பூர்) வரைக்கும் வந்து மூச்சு இழுக்க வைக்குதாம், உண்மையா? அம்மாவுக்கு ஆஸ்துமா, வாட்ஸப்ல வர்றத நம்பலாமா?

தூசி கடல் தாண்டும், நானே கையால தொடச்சிருக்கேன். ஆனா உங்களுக்கு வந்த மெசேஜ் சுத்த டூப்பு. கேஎல் செந்தூல்ல உக்காந்திருக்கிற அம்மாவுக்கு மூச்சு இழுக்குதுன்னா சஹாராவ திட்டி பிரயோஜனம் இல்ல.

நான் பட்டர்வொர்த்துக்காரன், பதினாறு வருஷம் கப்பல்ல ஏபி, அதாவது டெக் வேலை பாக்குற மாலுமி. 2020 ஜூன், ஜிப்ரால்டர் விட்டு ஒரு வாரம், நடு அட்லாண்டிக். காலையில வாட்ச் டியூட்டி முடிச்சு வெளிய வந்தா சூரியன் பகல் நிலா மாதிரி வெளுத்துப் போய் நிக்குது, கண்ணு கூசாம பாக்கலாம். முந்தின நாள்தான் நானும் ஒரு பிலிப்பினோ பையனும் ரெய்லிங்குக்கு வெள்ள பெயிண்ட் அடிச்சோம், அதுல விரல் வச்சா மைலோ தூள் மாதிரி பழுப்பா ஒட்டுது, தேச்சா மைதா மாவு தோத்துரும், அவ்ளோ நைசு. எங்க மேஸ்திரி போசன் வந்து பெயிண்ட் காயறதுக்குள்ள என்னத்தடா கொட்டுனீங்கன்னு ஏறுறாரு. அப்புறம் சீஃப் மேட்தான் சொன்னாரு, ஆப்பிரிக்காலேர்ந்து வருதுன்னு. அந்த மேகம்தான் கரீபியன் போய் போர்ட்டோ ரிக்கோ வானத்தையே மங்க வச்சுது, காட்சில்லான்னு பேர் வச்சாங்களே அதேதான்.

ஊருக்கு வந்து மச்சான்கிட்ட சொன்னா, பாலைவன மண்ணு பறந்து வந்துச்சாம்னு ஊரெல்லாம் கிண்டல். ஆதாரத்துக்கு ஒரு கோடாலித் தைல பாட்டில்ல கொஞ்சம் புடிச்சு வச்சிருந்தேன், வீட்டுக்காரி கழுவி காய வச்சுட்டா.

நான் விஞ்ஞானி கிடையாது, கமெண்ட்ல சண்டைக்கு வராதீங்க. பெரிய மணல் பக்கத்துலயே விழுந்துரும், பொடிதான் சூடான காத்தோட அஞ்சாறு கிலோமீட்டர் வரைக்கும் மேல ஏறி மேற்கால போகும், ஒரு வாரம் பத்து நாள்ல கடல் தாண்டிரும். பார்பேடாஸ்ல 1965லேர்ந்து இத அளக்குறாங்க. நாசா சேட்டிலைட் கணக்குப்படி வருஷத்துக்கு 2 கோடியே 77 லட்சம் டன் அமேசான் காட்டு மேல விழுது, அதுல இருக்கிற பாஸ்பரஸ் மரத்துக்கு உரம். மரத்துக்கு நல்லது, நெஞ்சுக்கு ஆகாது, பொடி நேரா நுரையீரலுக்குள்ள போயிரும்.

கவனிச்சீங்களா, அது பெரும்பாலும் போறது மேற்கால. நாம இருக்கிறது இந்தப் பக்கம். நம்ம ஊரு ஜெரேபு, அதான் புகைமூட்டம், ஆகஸ்டு செப்டம்பர்ல தென்மேற்கு காத்துல சுமத்ராவுல கரிமண் (செடி கொடி மக்கி சேர்ந்த மண்ணு) காடு எரியற புகை. 2005ல கிள்ளான் துறைமுகத்துல ஐபியு (காத்து மாசு அளவு) 500 தாண்டி அவசரகாலமே போட்டாங்க, 2019ல ஸ்கூல மூடுனாங்க. அப்பல்லாம் எந்த சஹாரா வந்துச்சு? காட்ட கொளுத்துனவன் பேர சொல்ல வாய் வராது, பாவம் பாலைவனம் கேஸ் போடாதுல்ல, அது மேல போட்டுர்றாங்க.

இப்படித்தான், ஒப்பந்தம் முடிஞ்சும் கோவிட்னு சொல்லி நாலு மாசம் கூடுதலா கப்பல்லயே வச்சிருந்தாங்க, எறங்கினப்புறம் தனிமைப்படுத்தின ஹோட்டல் காச என் சம்பளத்துலயே புடிச்சான் என்னை கப்பலுக்கு அனுப்புன ஏஜென்ட். கேட்டா கோவிட் மேல பழி. இன்னும் பாக்கி வரல.

சரி, அம்மா விஷயம். காலையில ஐபியு பாருங்க, 100 தாண்டிட்டா அன்னிக்கு கோயிலுக்கு நடந்து போக வேணாம், ஜன்னல சாத்துங்க. ஆஸ்துமா பம்ப் (இன்ஹேலர்) காலியாகாம இருக்கான்னு ஆட்டிப் பாத்து நம்பாதீங்க, எத்தன அடி அடிச்சாங்கன்னு எண்ணி வைங்க, எங்க அம்மாவுக்கு ஆட்டிப் பாத்துதான் ராத்திரி ரெண்டு மணிக்கு ஓடினோம்.