பாதிக் கட்டணப் பாஸ்: எதை எண்ணுவது?

கேள்வி: சமூகப்பணி முதுகலை படிக்கிறேன். வருமானம் குறைந்தவர்களுக்குப் பஸ், ரயிலில் பாதிக் கட்டணப் பாஸ் கொடுக்கும் திட்டங்களைப் பற்றித்தான் என் ஆய்வேடு. பாஸ் வைத்திருப்பவர்கள் மற்றவர்களைவிட நிறையப் பயணிக்கிறார்கள் என்று கணக்கெடுத்துக் காட்டினேன். “இதை வைத்து எதையும் சொல்ல முடியாது” என்று வழிகாட்டி திருப்பிக் கொடுத்துவிட்டார். எங்கே கோளாறு?

பதில்: அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. தினமும் இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போகிறவர்தான் முதல் ஆளாகப் போய்ப் பாஸ் வாங்குவார். எப்போதாவது வெளியே கிளம்புகிறவர் அந்த விண்ணப்பப் படிவத்தோடு மல்லுக்கட்ட மாட்டார். ஆக, பாஸ் கிடைத்ததால் பயணம் கூடியதா, நிறையப் பயணிக்கிறவர் என்பதால் பாஸ் வாங்கினாரா என்பதை உங்கள் கணக்கிலிருந்து பிரித்தெடுக்கவே முடியாது.

ஒரே மாதிரி வருமானம் உள்ளவர்களைச் சேர்த்து, குலுக்கல் முறையில் சிலருக்கு மட்டும் சலுகை கொடுத்துப் பார்ப்பதுதான் இதற்கு உறுதியான வழி. அமெரிக்காவின் பாஸ்டனில் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அப்படிச் செய்த ஆய்வின் முடிவுகள் 2019-இல் வெளிவந்தன. அரசின் உணவு உதவி பெறுகிற சுமார் 240 பேரை எடுத்துக்கொண்டு, ஒரு பிரிவுக்குப் பாதிக் கட்டணக் கார்டு, இன்னொரு பிரிவுக்கு வழக்கமான கட்டணம் என்று வைத்தார்கள். கார்டு எத்தனை முறை தட்டப்பட்டது என்பதோடு விடாமல், தினமும் போனுக்கு மெசேஜ் அனுப்பி, எங்கே போனீர்கள், எதற்குப் போனீர்கள், எதில் போனீர்கள் என்றும் கேட்டார்கள். பாதிக் கட்டணக்காரர்கள் ஏறத்தாழ 30 சதவீதம் அதிகமாகப் பயணித்தார்கள். அதுவும் ஆஸ்பத்திரிக்கும் நலத்திட்ட அலுவலகங்களுக்கும் போன பயணங்கள் கூடியிருந்தன. என்னைக் கேட்டால் அந்த 30-ஐவிட இதுதான் பெரிய விஷயம், ஏனென்றால் டிக்கெட் காசுக்கு யோசித்து டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடுகிற மனிதர் எந்தப் பயணிகள் கணக்கிலும் வரவே மாட்டார், அவர் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்.

உங்கள் ஆய்விலும் இதையே மையமாக வையுங்கள். எத்தனை பயணம் என்று மட்டும் கேட்காமல், போன மாதம் காசில்லாமல் எங்கே போகாமல் விட்டீர்கள் என்றும் கேளுங்கள்.

குலுக்கல் நடத்த ஒரு மாணவியால் முடியாது, புரிகிறது. ஆனால் வருமான வரம்புக்குக் கொஞ்சம் கீழே இருந்ததால் பாஸ் கிடைத்தவர்களையும், கொஞ்சம் மேலே இருந்ததால் கிடைக்காதவர்களையும் ஒப்பிடலாம், அவர்கள் வாழ்க்கை பெரும்பாலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். திட்டம் பகுதி பகுதியாக அறிமுகமாகிறது என்றால் இன்னும் வசதி, அடுத்த கட்டத்துக்குக் காத்திருக்கிறவர்களே உங்கள் ஒப்பீட்டுப் பிரிவு.

கேள்வி: பாதி எதற்கு, முழுக்க இலவசமாகவே கொடுத்துவிடலாமே? அப்படிக் கொடுத்தால் ஜனங்கள் காரை விட்டு இறங்கிவிடுவார்களா?

பதில்: இரண்டும் வேறு வேறு கேள்விகள். முதலாவதற்கு அமெரிக்காவில் சியாட்டில் நகரம் அடங்கிய கிங் கவுன்டி என்ற மாவட்டத்தைப் பார்க்கலாம். அங்கே 2015 மார்ச்சில் ‘ஆர்கா லிஃப்ட்’ என்ற குறைந்த கட்டணக் கார்டு வந்தது. பிற்பாடு அதே மாதிரி வருமானக்காரர்களில் சிலருக்குக் குலுக்கல் முறையில் சில மாதங்கள் முழு இலவசம் கொடுத்துப் பார்த்தபோது, குறைந்த கட்டணம் கொடுத்தவர்களைவிட அவர்கள் தெளிவாகவே அதிகம் பயணித்தார்கள். அதாவது பாதிக் கட்டணமும் சிலருக்குப் பாரம்தான்.

கார் விஷயம் வேறு. சிலியின் சாண்டியாகோவில் வேலைக்குப் போகிறவர்களில் சிலருக்குக் குலுக்கல் முறையில் இரண்டு வாரம் இலவசப் பாஸ் கொடுத்தார்கள். மொத்தப் பயணங்கள் சுமார் 12 சதவீதம் கூடின, பெரும்பாலும் கூட்டமில்லாத நேரத்தில். கார் பயணம் குறைந்ததாகத் தெரியவில்லை. அதனால் சலுகைப் பாஸை “நெரிசலைக் குறைக்கும்” என்று சொல்லி விற்கிறவர்களை நம்பாதீர்கள். கையில் காசில்லாதவர் நடமாட முடிகிறது என்பதே அதற்குப் போதுமான காரணம். கூடும் பயணம் கூட்டமில்லாத நேரத்தில் வருகிறது என்றால் புதிதாக பஸ் விட வேண்டிய தேவையும் குறைவு, செலவைக் காட்டிப் பயமுறுத்துகிறவர்களுக்கு இதையும் சொல்லுங்கள்.

கேள்வி: தகுதி இருந்தும் பலர் விண்ணப்பிப்பதே இல்லையாமே, விழிப்புணர்வு இல்லாததாலா?

பதில்: அதுவும் ஒரு காரணம். ஆனால் மக்களைக் குறை சொல்லும் முன் படிவத்தை எடுத்துப் பாருங்கள். நியூயார்க்கில் 2019-இல் தொடங்கிய ‘ஃபேர் ஃபேர்ஸ்’ திட்டம் பாதிக் கட்டணம்தான், நல்ல திட்டம், ஆனாலும் தகுதியுள்ளவர்களில் பாதிப் பேர்கூடச் சேரவில்லை. வருமானச் சான்று, முகவரிச் சான்று, திரும்பப் புதுப்பிக்கும் தேதி என்று ஒவ்வொரு படியிலும் சிலர் உதிர்ந்துபோகிறார்கள். தினக்கூலிக்காரர் எந்தச் சம்பளச் சீட்டைக் கொண்டுவருவார், சொல்லுங்கள். உணவு உதவியோ மருத்துவ உதவியோ ஏற்கெனவே வாங்குகிறவர் என்று பதிவில் இருந்தால், திரும்பவும் வறுமையை நிரூபிக்கச் சொல்லாமல் அந்தப் பதிவை வைத்தே கார்டைக் கொடுத்துவிடலாம்.

அப்புறம் மாதப் பாஸின் இன்னொரு சிக்கல். மொத்தப் பணத்தையும் முதல் தேதியே கட்ட வேண்டும். அது முடியாதவர் அன்றாடம் டிக்கெட் வாங்கி, மாதக் கடைசியில் பாஸ்காரரைவிட அதிகம் செலவழித்திருப்பார். லண்டனில் 2005-இல், பஸ், ரயில் கட்டணம் கட்டும் ஆய்ஸ்டர் கார்டில் தினசரி உச்சவரம்பு கொண்டுவந்தார்கள், ஒரு நாளில் குறிப்பிட்ட தொகையைத் தொட்டுவிட்டால் அதற்குமேல் பணம் பிடிக்காது. இதையே மாதக் கணக்குக்கும் வைத்தால் முன்பணம் கட்டாமலே பாஸின் பலன் கிடைத்துவிடும். எந்தச் சலுகைத் திட்டத்தை ஆராய்ந்தாலும், பாஸ் வாங்கியவர்களோடு சேர்த்து, விண்ணப்பத்தைப் பாதியில் விட்டவர்களையும் தேடிப் பிடித்துப் பேசுங்கள்.