கேள்வி–பதில்: டம்ளர் சத்தம் டிவி கோளாறா?

கே: ‘தி ஆர்ட்டிஸ்ட்’ பார்க்கப் போகிறோம். கறுப்பு வெள்ளை, வசனமும் கிடையாதாமே! டிவியில் ஏதாவது மாற்ற வேண்டுமா? (வாசகி, கும்பகோணம்)

ப: முதலில் ‘ஜூம்’ இருக்கிறதா என்று பாருங்கள். 2011-ல் வந்த படம்தான்; ஆனால் பழைய மௌனப் படங்களைப் போல 1.33:1 சட்டத்தில் (அகலம் குறைந்த, ஏறக்குறைய சதுரமான படம்) எடுத்திருக்கிறார் பிரெஞ்சு இயக்குநர் மிஷேல் ஹஸனாவிசியுஸ். டிவியில் இரு பக்கமும் கறுப்புப் பட்டை விழும், விழத்தான் வேண்டும். திரை நிறையட்டும் என்று ஜூம் போட்டால் மேலும் கீழுமாகக் கால்வாசிப் படம் போய்விடும். டான்ஸில் கால்களே தெரியாது. ‘ஸ்ட்ரெச்’ போட்டாலோ எல்லோரும் குண்டாகிவிடுவார்கள்.

பிக்சர் மோடை ‘விவிட்’டிலிருந்து ‘சினிமா’வுக்கு மாற்றுங்கள். கலர் ஃபிலிமில் எடுத்துப் பிறகு கறுப்பு வெள்ளையாக்கிய படம் இது. அழகெல்லாம் நடுவிலுள்ள சாம்பல் நிறங்களில்தான். விவிட்டில் வெள்ளை நீலம் பாய்ந்து, அந்தச் சாம்பல் காணாமல் போகும். மோஷன் ஸ்மூத்திங்கையும் (அசைவு வழுக்கலாகத் தெரிய டிவியே இடையில் ஃபிரேம்களைச் செருகும் வசதி) அணைத்துவிடுங்கள். அணைத்த பிறகும் நடை சற்று வேகமாகத் தெரிந்தால் அது வேண்டுமென்றே செய்தது: நொடிக்கு 22 ஃபிரேமில் எடுத்து 24-ல் ஓட்டுகிறார்கள்.

கே: அதுவரை வெறும் இசைதான். திடீரென்று ஹீரோ டம்ளரை வைத்ததும் ‘டக்’கென்று கேட்டது. சவுண்ட் கோளாறா? (வாசகர், திருநெல்வேலி)

ப: இல்லை, படத்தின் உச்சமே அதுதான். கதை நடப்பது 1927 முதல் 1932 வரையான ஹாலிவுட்டில். பேசும் படம் வந்துவிட்டது, மௌனப் பட நட்சத்திரமான ஹீரோவுக்கு அதைப் பற்றிக் கெட்ட கனவு வருகிறது. டம்ளர், டெலிபோன், நாய் என்று எல்லாவற்றுக்கும் சத்தம் உண்டு. அவர் கத்துவது மட்டும் கேட்காது. கடைசியில் ஓர் இறகு தரையில் விழுந்து இடியாக முழங்கும். வீட்டில் மிக்சி ஓடாத நேரமாகப் பார்த்துப் போடுங்கள்.

கே: கமல்ஹாசனின் ‘பேசும் படம்’ பார்த்திருக்கிறோம். அதே மாதிரிதானே? (வாசகி, ஈரோடு)

ப: அதில் (1987) வசனம் மட்டும்தான் இல்லை, கலரும் உண்டு, தெருச் சத்தமும் உண்டு. இதில் பெரும்பாலும் லுடோவிக் பூர்ஸின் இசையும், வசனத்தை எழுதிக் காட்டும் அட்டைகளும்தான். ஆஸ்கர் வாங்கிய இசை அது. அட்டைகள் குறைவு; உதட்டைப் படிக்க முயல வேண்டாம், அவசியமானதற்கு அட்டை வரும். போனில் கண்ணை வைத்தால் ஒன்றிரண்டு தப்பிவிடும். பாட்டிக்கு வாய்விட்டுப் படித்துச் சொல்லலாம். பிற்பகுதியில் ‘பேங்!’ என்று ஒற்றைச் சொல் அட்டை வரும். அதற்கு மட்டும் உடனே விளக்கம் சொல்லிவிடாதீர்கள். அடுத்த ஷாட் வரை பொறுங்கள்.