மணி அடித்ததும் வாழைநாரை அறு

கேள்வி: எம்.எஸ்சி. வேதியியல் படிக்கிறேன். ஆய்வகத்தில் டைலேட்டோமீட்டரில் (கன அளவு மாறுவதைக் காட்டும் குழாய்க் கருவி) ஸ்டைரீனை 60 டிகிரியில் பாலிமராக்கி, அதாவது சின்ன மூலக்கூறுகளை நீண்ட சங்கிலிகளாகக் கோத்து, மட்டம் இறங்குவதை வைத்து வேகம் கணக்குப் போட்டோம். அது மொத்த வேகம்தான், ஒரு சங்கிலி எவ்வளவு வேகமாக வளர்கிறது என்பது அதில் கிடைக்காது என்கிறார் எங்கள் ஆசிரியர். ஏன் கிடைக்காது? வேறு எப்படித்தான் அளக்கிறார்கள்?
– ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்: ஆசிரியர் சொல்வது சரி. கும்பகோணத்தில் ஒரு கோயில் வாசலில் ஒரு மணி நேரத்தில் ஒரு கூடை மல்லிகை தீர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள், எத்தனை பேர் உட்கார்ந்து கட்டினார்கள் என்று தெரியாமல் ஒருவருடைய கைவேகத்தை எப்படிச் சொல்வீர்கள்? உங்கள் கருவி காட்டுவது கூடை காலியாகும் வேகம். கட்டுகிற கைகள் தனி உறுப்புகள் (வளரும் சங்கிலியின் நுனியில் இருக்கும், இணையாத எலக்ட்ரான் கொண்ட ரேடிக்கல்கள்), அவையோ லிட்டருக்கு ஒரு மோலில் கோடியில் ஒரு பங்கு அளவில்தான் இருக்கும். அவற்றை நேரடியாக எண்ணுவது பெரும்பாடு. முன்பு சுழலும் தட்டால் ஒளியை விட்டுவிட்டுப் பாய்ச்சி, சுற்றிவளைத்துக் கணக்கிட்டார்கள். ஒரே மோனோமருக்கு, அதாவது சங்கிலியாகக் கோக்கப்படும் ஒரே சின்ன மூலக்கூறுக்கு, ஆளுக்கொரு விடை வந்தது.

1987இல் ஓலாயும் அவருடைய குழுவினரும் வேறு வழி பிடித்தார்கள், எனக்கு மிகவும் பிடித்த தந்திரம் இது. கைகளை எண்ணவே வேண்டாம். மணி அடித்ததும் எல்லோரும் கட்டத் தொடங்க வேண்டும், அடுத்த மணிக்கு வாழைநாரை அறுத்துவிட வேண்டும், அப்புறம் சரத்தில் எத்தனை பூ என்று எண்ணினால் போதும். மணி என்பது லேசர் துடிப்பு. ஒவ்வொரு துடிப்பிலும் ஏராளமான தனி உறுப்புகள் ஒரேயடியாகப் பிறக்கின்றன, அவை வளர்ந்துகொண்டிருக்கும்போதே அடுத்த துடிப்பில் வரும் புதுக்கூட்டம் பழைய சங்கிலிகளில் பலவற்றை முடித்துவைக்கிறது. இரண்டு துடிப்புக்கு நடுவே எவ்வளவு நேரம் என்பது நமக்குத் தெரியும். சங்கிலி நீளத்தை அளவு விலக்கு நிறப்பகுப்பியல் சொல்லிவிடும், அதில் பெரிய மூலக்கூறு முதலில் வெளியே வரும், சின்னது குழாயில் நிரப்பிய நுண்துளை உருண்டைகளுக்குள் நுழைந்து தாமதமாக வரும்.

ஸ்டைரீனுக்கு 25 டிகிரியில் வளர்ச்சி மாறிலி (சங்கிலி வளரும் வேகத்தைச் சொல்லும் எண்) மோலுக்கு, நொடிக்குச் சுமார் 86 லிட்டர். கலப்பில்லாத ஸ்டைரீனில் லிட்டருக்கு 8.7 மோல், பெருக்கினால் ஒரு சங்கிலியில் நொடிக்கு 750 அலகு, நம் கணக்கில் 750 பூ. நொடிக்குப் பத்துத் துடிப்பு என்றால் ஒரு சங்கிலிக்கு 75 அலகு, மூலக்கூறு நிறை ஏறக்குறைய 7,800. சோதனையில் இதையே தலைகீழாகப் போட்டு மாறிலியை எடுக்கிறார்கள். ஒன்று கவனியுங்கள், சங்கிலிகளின் நிறைப் பரவலைக் காட்டும் வரைபடத்தில் உச்சியைப் படிக்கக் கூடாது, குறைந்த நிறைப் பக்கச் சரிவில் வளைவு திரும்பும் புள்ளியைத்தான் படிக்க வேண்டும். சில சங்கிலிகள் முதல் மணிக்குத் தப்பித்து இரண்டாவது மணியில் முடியும், அவை இரட்டை நீளத்தில் இன்னொரு மேடாகத் தெரியும். அது தெரிந்தால்தான் அளவை நம்பலாம்.

அக்ரிலேட்டுகள் என்ற மோனோமர் வகையிடம் பத்துத் துடிப்பெல்லாம் பலிக்காது. அவை மிக வேகமாக வளர்வதோடு, வளரும் நுனி திரும்பித் தன் உடம்பையே கடித்துச் சோம்பிப்போகும். அதனால் நொடிக்கு 500 துடிப்பு தரும் லேசரைக்கூடப் பயன்படுத்துகிறார்கள்.

உங்கள் கல்லூரியில் லேசர் இல்லாவிட்டாலும் கவலை வேண்டாம். ஸ்டைரீனுக்கு 60 டிகிரியில் இந்த மாறிலி சுமார் 340. நீங்கள் போட்ட மொத்த வேகத்தை இதாலும் மோனோமர் செறிவாலும் வகுத்துப் பாருங்கள், அன்றைக்கு உங்கள் குழாயில் எத்தனை கைகள் பூக் கட்டின என்று வந்துவிடும்.