அழியாத ஆற்றலுக்கு எதற்குச் சிக்கனம்?

கேள்வி: ஆற்றலை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது என்று பள்ளியில் படித்தேன். அப்படியென்றால் மின்சாரத்தை மிச்சப்படுத்து, பெட்ரோலை மிச்சப்படுத்து என்று ஏன் உயிரை வாங்குகிறார்கள்?

பதில்: நான் இயற்பியல் நடத்திய காலத்தில் இந்தக் கேள்வி கடைசி பெஞ்சிலிருந்துதான் வரும். முன்வரிசை நோட்டில் எழுதிக்கொண்டிருக்கும்!

நீங்கள் படித்தது வெப்ப இயக்கவியலின் முதல் விதி. அது ஒரு கணக்குப்பிள்ளை. வரவும் செலவும் பொருந்துகிறதா என்று மட்டும் பார்க்கும். அந்த ஆற்றலால் இனி வேலை ஆகுமா என்பது இரண்டாம் விதியின் கையில் இருக்கிறது.

கணக்கே போட்டுப் பார்ப்போம். 10 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குச் சூடாக்க ஏறத்தாழ 0.8 யூனிட் மின்சாரம் வேண்டும். அதே மின்சாரத்தை மோட்டாருக்குக் கொடுத்தால், உராய்வை மறந்துவிட்டால், ஒரு டன் எடையுள்ள காரை 300 மீட்டர் உயரத்துக்குத் தூக்கலாம். சரி, இப்போது அந்தக் கொதிநீரை வைத்துக் காரைத் தூக்குங்கள் பார்ப்போம். 1824-இல் சாடி கார்னோ என்ற பிரெஞ்சுப் பொறியாளர் கண்டுசொன்ன வரம்பு குறுக்கே வந்து நிற்கும். வெப்பத்திலிருந்து எவ்வளவு வேலை வாங்கலாம் என்பதைச் சூடான பக்கம், குளிர்ந்த பக்கம் இரண்டின் வெப்பநிலைதான் தீர்மானிக்கிறது. தண்ணீர் ஆற ஆற அந்த வித்தியாசமும் சுருங்கும். எனவே குறையே இல்லாத எஞ்சினை மாட்டினாலும் கார் சுமார் 30 மீட்டர்தான் ஏறும். வேலை வாங்காமல் சும்மா ஆறவிட்டால் அதுவும் கிடையாது. ஒரு ஜூல் ஆற்றல்கூடக் காணாமல் போகவில்லை, எல்லாம் சுற்றியுள்ள காற்றில்தான் பரவிக் கிடக்கிறது. ஆனால் அதைத் திரட்டிக் கொண்டுவர இன்னும் ஆற்றல் செலவழிக்க வேண்டும். இந்தப் பரவலை அளக்கும் கணியத்துக்குத்தான் 1865-இல் கிளாசியஸ் என்ற ஜெர்மன் இயற்பியலாளர் என்ட்ரோபி என்று பெயர் வைத்தார்.

பெட்ரோலும் அப்படித்தான். அதன் ஆற்றலில் கால்பங்கு சக்கரத்துக்குப் போனாலே பெரிய விஷயம். மீதி ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் போய்விடும். சக்கரத்துக்குப் போனதும் கடைசியில் பிரேக்கையும் டயரையும் காற்றையும் சூடாக்கித்தான் முடிகிறது. தீர்ந்துபோவது ஆற்றல் அல்ல, அதை வைத்து வேலை வாங்கும் வாய்ப்பு.

கேள்வி: ஃப்ரிட்ஜைத் திறந்தே வைத்தால் அறை குளிருமா?

பதில்: கதவைத் திறந்ததும் முகத்தில் கொஞ்சம் குளிர் படும், அவ்வளவுதான். அப்புறம் அறை சூடாகும். உள்ளிருந்து எடுத்த வெப்பமும் கம்ப்ரசர் இழுத்த மின்சாரமும் சேர்ந்து அதே அறைக்குள்தான் வெளியேறுகின்றன. ஏ.சி.யின் சூடான பாதியைச் சுவருக்கு வெளியே மாட்டுவது அதனால்தான்.