வெளிநாட்டில் எளிமையாகப் பதிவுத் திருமணம் செய்தால் நம்ம ஊரில் செல்லுமா?

ராயபுரத்துப் பையன், ஜெர்மனியில் வேலை, பெண் வேறு நாட்டுக்காரர். டென்மார்க்கில் கல்யாணம் செய்தால் இங்கே செல்லுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் செல்லும். இருவரில் ஒருவர் இந்தியராக இருந்தால், அந்த நாட்டுச் சட்டப்படி முடிந்த திருமணத்தை 1969-ம் ஆண்டு வெளிநாட்டுத் திருமணச் சட்டத்தின் 17-வது பிரிவின்படி அங்குள்ள இந்தியத் தூதரகத்திலேயே பதியலாம். ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும்.

அலைச்சல் முழுக்கக் காகிதத்தில்தான். தண்டையார்பேட்டையில் இருக்கும் எங்கள் வீட்டில், இதேபோல் டென்மார்க்கில் கல்யாணம் செய்த என் தம்பியின் பிறப்புச் சான்றிதழை அப்பா பத்திரமாக லேமினேட் செய்து வைத்திருந்தார். அதன்மேல் முத்திரை குத்த முடியாது என்று திருப்பிவிட்டார்கள். புதுப் பிரதி வாங்கினோம். ‘மணமாகாதவர்’ உறுதிமொழிப் பத்திரத்துக்கும் நோட்டரி கையெழுத்து மட்டும் போதாது. மாநில அரசின் சான்று, பிறகு ஆவணம் வெளிநாட்டில் செல்லுபடியாவதற்கு வெளியுறவு அமைச்சகம் தரும் ‘அப்போஸ்டில்’ என்ற சான்று வாங்கிவிடுங்கள்.

சடங்கு நகர மன்றத்தில், இரண்டு சாட்சிகளோடு சில நிமிடங்களில் முடிந்துவிடும். எம்.சி. ரோட்டில் அம்மா எடுத்த பட்டுப்புடவையில் மருமகள் நின்றதை வீடியோ காலில் பார்த்து நாங்கள் எல்லோரும் அழுதோம். டென்மார்க் சான்றிதழுக்கு அங்கேயே அப்போஸ்டில் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். பாஸ்போர்ட்டில் துணைவர் பெயர் சேர்க்கும்போது உதவும்.